மருமக்கள் வழியும் மரபணு வழியும்

மருமக்கள் தாயம் என்பது ஒருவருடைய சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை. தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி வரை இது சட்டத்தின் பலத்தோடு நடந்தது. கிழக்கே தோவாளை, அகத்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில் வெள்ளாளரில் பெரும்பகுதியினர் இதைக் கைக்கொண்டார்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் நாயர்களும் கிருஷ்ணன்வகையினரும் கைக்கொண்டார்கள். மார்த்தாண்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் புதுக்கடை, பழைய விளவங்கோடு தாலுகாவின் ஊர். அங்கே மருமக்கள் வழிக் குடும்பங்களும், அப்பன் சொத்து மகனுக்கு என்ற மக்கள் வழியில் வாழ்ந்த நாடார் குடும்பங்களும் கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களும் அக்கம்பக்கத்திலேயே இருந்தன. ஒரே சந்தையில் காய் வாங்கியவர்கள் 'நம்ம குடும்பம்' என்று எண்ணத் தொடங்கியபோது ஆளுக்கொரு திசையில் எண்ணினார்கள்.

மருமக்கள் வழிக் குடும்பத்துக்குத் தறவாடு என்று பெயர். அதை ஆண்டவர் காரணவர். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் மூத்த சகோதரர் அல்லது தாய்மாமன். வயலும் தோப்பும் அவர் கையில் இருக்கும். ஆனால் அவர் பெற்ற பிள்ளைகள் அந்த வீட்டில் உரிமைக்காரர்கள் அல்லர். அவர்கள் தங்கள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். காரணவருக்குப் பின் அடுத்த காரணவராக வருபவர் அவர் தம்பி, அல்லது அக்காள் தங்கையின் மகன். நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடம் இதில் சிறிது இளக்கம் இருந்தது. உகந்துடைமை என்ற பெயரில் மனைவி மக்களுக்கும் சிறிய பங்கு உண்டு. ஆனாலும் பெரும்பகுதி மருமக்களுக்குத்தான்.

அரசு கட்டிலும் இந்த வழியில்தான் போயிற்று. பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, முந்தைய அரசர் ராம வர்மாவின் மருமகன். தம்பி என்ற பட்டம் கொண்ட ராம வர்மாவின் மகன்கள் இருவர் அரசுக்கு உரிமை கோரிப் போராடி உயிரிழந்தார்கள். அப்பன் அரசன் என்பதால் மகன் அரசனாக முடியாது என்ற விதி அந்த அளவுக்கு இறுகியிருந்தது. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவரும் அவருடைய மருமகனே.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்குப் போர், நில உரிமை, மணமுறை என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. உடலின் இயல்புகள் எவ்வழியே போகின்றன என்ற அறிவிலிருந்து அது பிறக்கவில்லை. ஆனாலும் உடலுக்குள்ளும் மருமக்கள் வழி ஒன்று உண்டு. சில நோய்கள் மாமனிடம் இருந்து, நடுவில் எந்தப் பெண்ணையும் தொடாததுபோல் காட்டிக்கொண்டு, மருமகனிடம் தலைகாட்டுகின்றன. வேறு சில இயல்புகள் அப்பனிடமிருந்து மகனுக்கு நேரே வருகின்றன. இன்னும் சில, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மரபணுவாகவே இருந்தும் ஆணுடலில் மட்டும் பலிக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்ட காலம் நீண்டது. பிரித்தறிந்த கதையில் தென்னிந்தியக் குடும்பங்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது.

தாய்வழியில் வரும் ஆண்நோயைப் பற்றிய பழைய பதிவு யூதர்களின் தால்முத் நூலில் இருக்கிறது. நான்கு சகோதரிகளில் மூவருடைய மகன்கள் அடுத்தடுத்து விருத்தசேதனத்தின்போது இறந்துபோக, நான்காமவளின் மகனுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று தடுத்தார்கள். பிற்காலத்தில் குருதி உறையாத நோய் என்று கருதப்பட்ட இந்த ஆபத்து சகோதரிகளின் மகன்களைத் தொடரும் என்பது அங்கே சட்டமாகவே ஆகியிருந்தது. மருத்துவ உலகம் இதை எழுதி வைத்தது மிகப் பின்னால்தான். 1803-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஜான் கான்ராட் ஓட்டோ என்ற மருத்துவர், ஒரு குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டும் இரத்தம் நிற்காமல் ஓடுவதையும், நோயில்லாத பெண்கள் அதை மகன்களுக்குக் கடத்துவதையும் பதிவு செய்தார். 1876-இல் சூரிச்சின் கண் மருத்துவர் ஹார்னர், சிவப்பு பச்சை பிரித்தறியாத நிறக்குருடும் அதே வழியில் தாத்தாவிடமிருந்து மகள் மூலம் பேரனுக்குப் போகிறது என்று காட்டினார்.

அன்றைய இந்தியாவின் பழைய சான்று ஒன்று சிந்துப் பகுதியிலிருந்து வந்தது. டார்வின் வளர்ப்பு உயிரினங்களின் வேறுபாடுகளைப் பற்றி எழுதிய நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் 10 ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு, உடலில் முடி அரிது, இளமையிலேயே வழுக்கை, வெயில் காலத்தில் தோல் வறண்டு தவிப்பார்கள். அந்த வீட்டு மகள்களில் ஒருவருக்கும் அந்தக் குறை இல்லை, ஆனால் அவர்களுடைய மகன்களுக்கு வந்தது. குறையுள்ள ஆண் தன் மகனுக்கு அதைக் கொடுத்ததாக ஒரு நிகழ்வும் இல்லை. இதைவிடத் துல்லியமாக அந்த வழியை விவரிக்க முடியாது. ஆனால் காரணம் என்னவென்று டார்வினுக்குத் தெரியவில்லை. பின்னாளில் தடானி என்ற இந்திய ஆய்வாளர் சிந்தின் அந்தப் 'பல்லில்லா மனிதர்களின்' வம்சாவளிகளைத் திரட்டி 1921-இலும் 1934-இலும் வெளியிட்டார். வியர்வைச் சுரப்பி, பல், முடி மூன்றையும் ஒருசேரக் கெடுக்கும் அந்த நோய்க்குக் காரணமான எக்ஸ் குரோமோசோம் மரபணு 1996-இல் அடையாளம் காணப்பட்டது.

டார்வினுக்குத் தெரியாத அந்தக் காரணத்துக்கு விடை பூச்சிகளிடமிருந்து வந்தது. பாலை முடிவு செய்யும் குரோமோசோம்களை 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் அடையாளம் கண்டார். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன், பழ ஈயின் வெள்ளைக் கண் எக்ஸ் குரோமோசோமோடு சேர்ந்தே பயணிப்பதைக் காட்டினார். மறு ஆண்டே, மனிதரின் நிறக்குருடும் குருதி உறையாத நோயான ஹீமோபிலியாவும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. ஆணின் எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். அதில் ஒரு பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். நோய் பெரும்பாலும் வெளிப்படாமல், பழுதான மரபணுவை மட்டும் சுமக்கும் அந்தப் பெண்ணை மருத்துவர்கள் 'கேரியர்' என்பார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் நிறக்குருடர். பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர் அளவே. இவ்வளவு பெரிய வேறுபாடு ஒற்றை எக்ஸ் என்ற ஒரே காரணத்தால் வருவது.

இந்த வழிக்கு ஒரு நம்பகமான சோதனை உண்டு. நோயுள்ள அப்பன் தன் மகனுக்கு எக்ஸைக் கொடுப்பதில்லை, ஒய்யைத்தான் கொடுக்கிறான். ஆகவே ஓர் இயல்பு அப்பனிடமிருந்து மகனுக்கு நேராக, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தால் அது எக்ஸ் வழியில் வரவில்லை. குடும்ப மரம் வரையும் எவரும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

இனி தறவாட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஹீமோபிலியா உள்ள காரணவர் ஒருவர். அவருக்கு அந்தப் பழுது தாயிடமிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், அவருடைய ஒவ்வொரு சகோதரியும் கேரியராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. கேரியரான சகோதரியின் மகன்களில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். மாமன், மருமகன், மருமகளின் மகன் என்று அதே கூரையின் கீழ் நோய் தெரியும். காரணவரின் மகன்கள் ஒருவருக்கும் வராது. இதுவரை உடலின் கணக்கும் தறவாட்டின் கணக்கும் ஒன்றாகவே நடக்கின்றன. பிரிவது மகள்களிடத்தில். காரணவரின் ஒற்றை எக்ஸ் அவருடைய எல்லா மகள்களுக்கும் கட்டாயம் போகும். அவர்கள் எல்லோரும் கேரியர்கள். சொத்தில் பங்கில்லாமல் வேறு தறவாட்டில் வளரும் அந்தப் பெண்கள் நோயில் மட்டும் உறுதியான பங்குதாரர்கள். அவர்கள் மகன்களுக்கு நோய் வரும்போது, அது எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் சொல்ல ஆளிருப்பது கடினம்.

மக்கள் வழிக் குடும்பத்தில் தவறிப்போவது வேறொன்று. அங்கே நினைவில் நிற்பது அப்பன், தாத்தா, பூட்டன். தாயின் சகோதரன் சீர் கொண்டுவரும் உறவினன். தாயின் தாய்மாமன் பெரும்பாலும் மறந்துபோனவர். சிறுவயதில் அடிபட்டு இரத்தம் நிற்காமல் இறந்த தாய்மாமன் ஒருவர் இருந்தாலும், அது வேறு வீட்டுத் துயரமாகவே எண்ணப்படும். புதுக்கடை போன்ற ஊரில் இந்த இரு வகைக் குடும்பங்களுக்கும் ஒரே நோய் வந்தால், மருமக்கள் வழி வீடு அதை 'நம் வீட்டு நோய்' என்று எளிதில் கண்டுகொள்ளும், மக்கள் வழி வீடு தற்செயல் என்று விட்டுவிடும் என்று கருத இடமிருக்கிறது. யாரைக் குடும்பத்தார் என்று எண்ணுகிறோமோ அவர்களுடைய நோயைத்தான் நினைவில் வைக்கிறோம்.

தமிழ்நாட்டின் உறவுமுறைத் திருமணங்கள் இந்தக் கணக்கை இன்னும் நுட்பமாக்குகின்றன. தறவாட்டு முறையில் அக்காள் மகளை மணப்பது நாயர்களிடம் விலக்கு. அவள் ஒரே தறவாட்டுப் பெண். மாமன் மகளும் அத்தை மகளும் வேறு தறவாட்டார் என்பதால் முறைப்பெண்கள். மலைக்குக் கிழக்கே தமிழகத்தின் பல சமூகங்களில் அக்காள் மகளையே மணப்பதும் உண்டு. மூன்றையும் ஹீமோபிலியா உள்ள ஒரு மாப்பிள்ளைக்குக் கணக்கிட்டால் விடைகள் வெவ்வேறாக வருகின்றன.

அத்தை மகளில் இந்த ஆபத்து கூடுவதில்லை. மாப்பிள்ளையின் பழுதான எக்ஸ் அவன் தாயிடமிருந்து வந்தது. அத்தை அப்பனின் உடன்பிறப்பு. இருவரும் இரத்த உறவானாலும் அந்த எக்ஸ் இருவருக்கும் பொதுவல்ல. மாமன் மகளில் விடை மாமனைப் பார்த்தாலே தெரியும். மாமனுக்கு நோய் இல்லையென்றால் அவர் கொடுத்த எக்ஸ் நல்லது. நோய் இருந்தால் மகள் கட்டாயம் கேரியர். அந்தத் திருமணத்தில் மகன்களில் பாதிப் பேருக்கும், வழக்கத்துக்கு மாறாக மகள்களில் பாதிப் பேருக்கும் நோய் வரலாம். அக்காள் மகள் கேரியராக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று: அக்காள் கேரியராக இருக்க இரண்டில் ஒன்று, அவள் மகளுக்கு அது வந்திருக்க மீண்டும் இரண்டில் ஒன்று. எனவே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, நோய் வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நோய் வராத மகள்களும் எல்லோரும் கேரியர்களே. 'சொந்தத்தில் கட்டினால் நோய்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த மூன்று விடைகளே போதும். எந்தச் சொந்தம், எந்த நோய் என்று கேட்க வேண்டும். இரண்டு தரப்பிலிருந்தும் ஒரே பழுது வந்தால் மட்டுமே வெளிப்படும் மற்ற நோய்களுக்கு அத்தை மகளும் மாமன் மகளும் சம ஆபத்துதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துவரும் இடம். அங்கே சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து 1977 முதல் வெளியிட்ட முடிவுகள் பலருக்கு வியப்பளித்தன. கிராமங்களில் பாதிக்குச் சற்றே குறைவான திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை; ஆனாலும் குழந்தை இழப்பில் எதிர்பார்த்த அளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் மணந்துவந்ததால் கொடிய பழுதுகள் சில ஏற்கெனவே வடிந்துபோயிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அது மக்கள்தொகை முழுவதற்குமான சராசரி. நோய் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அது ஆறுதலாகாது.

அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வழிக்குச் சான்று தேடியபோதும் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவுக்கே வந்தார்கள். தேடிய இயல்பு காது மடலில் வளரும் முரட்டு முடி. நடுவயது கடந்த தென்னிந்திய ஆண்களிடம் இது சாதாரணம், பெண்களிடம் காணப்படுவதில்லை. 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேனின் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, ஆந்திரக் குடும்பங்களின் வம்சாவளிகளை 1960-இல் வெளியிட்டு, இந்த முடி ஒய் குரோமோசோமில் இருக்கும் மரபணுவால் வருவது என்றார். அப்பனுக்கு இருந்தால் எல்லா மகன்களுக்கும் இருக்க வேண்டும், மகள் வழிப் பேரனுக்கு இருக்கக் கூடாது. மருமக்கள் வழிக்கு நேர் எதிரான சுத்தமான மக்கள் வழி. பாடநூல்கள் உடனே ஏற்றுக்கொண்டன. இன்றும் சில பள்ளி, கல்லூரிப் பாடங்களில் ஒய் வழி இயல்புக்கு எடுத்துக்காட்டாக இந்தக் காதுமுடிதான் நிற்கிறது.

ஆனால் வம்சாவளிகள் அவ்வளவு சுத்தமாக இல்லை. அப்பனுக்கு இருந்தும் சில மகன்களுக்கு இல்லை. அப்பனுக்கு இல்லாமல் தாய்வழித் தாத்தாவுக்கு இருந்து பேரனுக்கு வந்த நிகழ்வுகளும் உண்டு. முடி முளைக்கும் வயதும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், இருபது வயது மகனைப் பார்த்து 'இல்லை' என்று எழுதிவிடவும் முடியாது. 1964-இல் கர்ட் ஸ்டெர்ன், வேலூரில் பணியாற்றிய வில்லார்ட் சென்டர்வால், எஸ்.எஸ். சர்க்கார் மூவரும் புதிய தரவுகளோடு இந்தச் சிக்கலை மீண்டும் கிளறினார்கள். சென்னையின் தோல் மருத்துவர்களான கமலமும் ஏ.எஸ். தம்பையாவும் 1990-இல் தென்னிந்தியர்களின் காதுமுடி மரபைப் பற்றி எழுதினார்கள். 2004-இல் கமலம் இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வாளர்களோடு சேர்ந்து நேரடியாக ஒய் குரோமோசோமையே பார்த்தார். காதுமுடி உள்ள தென்னிந்திய ஆண்களின் ஒய் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருந்திருந்தால் பழைய கருத்து நின்றிருக்கும். அப்படி இல்லை. முடி இல்லாதவர்களிடம் இருந்த பலதரப்பட்ட ஒய் வகைகளே இவர்களிடமும் இருந்தன. 44 ஆண்டுகள் பாடநூலில் இருந்த ஒரு கூற்று அதோடு அடிப்படை இழந்தது.

காதுமுடி ஆண்களிடம் மட்டும் தெரிவது ஒய் மரபணுவால் அல்ல என்றால் வேறு எதனால்? ஆண் பெண் இருவரிடமும் உள்ள சாதாரணக் குரோமோசோம் ஒன்றில் மரபணு இருந்து, ஆணின் உடல்நிலையில் மட்டும் அது பலிக்கலாம். வழுக்கையும் ஆட்டுக்கொம்பும் இதே தன்மையின் தெளிவான எடுத்துக்காட்டுகள். சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல் இனச் செம்மறி ஆடுகளில் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு இருக்கும், பெட்டைக்கு இராது. மேச்சேரி இனத்தில் இரண்டுக்குமே கொம்பில்லை. 1905-இல் இங்கிலாந்தில் டி.பி. வுட், இருபாலும் கொம்புள்ள டார்செட் ஆட்டையும் இருபாலும் கொம்பற்ற சஃபோக் ஆட்டையும் கலந்து கிடைத்த முடிவை வெளியிட்டார். முதல் தலைமுறையில் கிடாக்கள் எல்லாம் கொம்புள்ளவை, பெட்டைகள் எல்லாம் கொம்பற்றவை. ஒரே மரபணுச் சேர்க்கை, இரண்டு விளைவு. அதாவது, அந்த மரபணு ஒன்றே ஒன்று இருந்தால் ஆணில் ஓங்கும், பெண்ணில் ஒடுங்கும்.

1916-இல் டாரத்தி ஆஸ்பர்ன் வழுக்கைக்கும் இதையே பொருத்தினார். அவர் கணக்குப்படி, வழுக்கை மரபணு ஒன்று இருந்தாலே ஆணுக்கு வழுக்கை. பெண்ணுக்கு இரண்டும் இருந்தால்தான். ஒரு மரபணு உள்ள வழுக்கை அப்பனும் அந்த மரபணு இல்லாத தாயும் சேர்ந்தால் மகன்களில் பாதிப் பேருக்கு வழுக்கை, மகள்களுக்கு இல்லை. தாயிடமும் ஒன்று ஒளிந்திருந்தால் மகன்களில் நான்கில் மூன்று பங்கு, மகள்களில் நான்கில் ஒரு பங்கு. அப்பனுக்குத் தலை நிறைய முடி, தாயிடம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் மகன்களில் பாதிப் பேர். தாயிடம் ஒளிந்திருப்பதை அவள் தலையைப் பார்த்து அறிய முடியாது; அவளுடைய அப்பனையும் சகோதரர்களையும் பார்த்து ஊகிக்கலாம். 'தாய்மாமனைப் போல வழுக்கை' என்று ஊர் சொல்வதில் உண்மை இருப்பது இதனால்தான். ஆனால் அப்பனிடமிருந்து மகனுக்கு நேரே வருவதும் அதே அளவு நடக்கிறது. ஆகவே இதை எக்ஸ் வழி நோய்களோடு சேர்த்தால் கணக்கு தவறிவிடும்.

ஆணுடலில் மட்டும் ஏன் பலிக்கிறது என்ற கேள்விக்கு ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் விடை தந்தார். பருவம் அடையுமுன் விரை இழந்த ஆண்களுக்கு, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் முடி உதிரவில்லை. ஆண் சுரப்புநீர் கொடுத்ததும் அப்படிப்பட்ட குடும்பத்தினருக்கு முடி உதிரத் தொடங்கியது. வழுக்கை இல்லாத குடும்பத்தினருக்கு உதிரவில்லை. மரபணு மட்டும் போதாது, சுரப்புநீர் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

ஆஸ்பர்ன் எண்ணியதுபோல் வழுக்கைக்கு ஒரு மரபணு அல்ல. 2017-இல் பிரிட்டனில் 52,000-க்கும் அதிகமான ஆண்களை ஆராய்ந்தபோது மரபணுத் தொகுதியில் 287 இடங்கள் வழுக்கையோடு தொடர்பு காட்டின. அவற்றில் 40 எக்ஸ் குரோமோசோமில் இருந்தன. ஆண் சுரப்புநீரை ஏற்கும் புரதத்தின் மரபணு எக்ஸில்தான் இருக்கிறது. தாய்வழித் தாத்தாவுக்குக் கூடுதல் எடை வருவது அதனால். மற்ற இடங்கள் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருபவை. இத்தனைக்குப் பின்னும் தனி ஒருவரைப் பார்த்து அவர் வழுக்கையாவார் என்று உறுதி சொல்ல முடிவதில்லை, வாய்ப்பு கூடுதல் குறைவு என்று மட்டுமே சொல்ல முடிகிறது. முடி வளர்க்கும் எண்ணெய் விற்கிறவர்கள் மரபணுச் சோதனையையும் சேர்த்து விற்கும் காலத்தில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தறவாட்டின் கணக்கோடு பிசகாமல் பொருந்தும் மரபணு வழி ஒன்றே ஒன்றுதான். உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. அவை கருமுட்டையில் மட்டுமே வருகின்றன. ஒரு தாயின் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்; அவர்களில் பெண்கள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள்; ஆண் தன் வாழ்நாள் முழுதும் வைத்திருந்து யாருக்கும் கொடுக்காமல் போவான். காரணவரும் தறவாட்டு நிலத்தை இப்படித்தான் வைத்திருந்தார். ஒரே தறவாட்டில் பிறந்த மாமன், அம்மை, மருமகன், மருமகள் எல்லோருடைய மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்றே.

இந்த வழியில் வரும் நோய்களில் ஒன்று 1871-இல் தியோடார் லெபர் விவரித்த பார்வை நரம்புச் சிதைவு. இளைஞன் ஒருவனுக்கு ஒரு கண்ணின் நடுப்பார்வை வலியின்றி மங்கும். சில வாரங்களில் அல்லது மாதங்களில் மறுகண்ணும் மங்கும். இதன் முக்கிய மரபணுப் பிறழ்வை 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழு மைட்டோகாண்ட்ரியாவில் கண்டறிந்தது. அதுவே மனித நோய்க்குக் காரணமாக அங்கே காணப்பட்ட முதல் பிறழ்வுகளில் ஒன்று. தாயின் எல்லாப் பிள்ளைகளும் பிறழ்வைப் பெற்றாலும், பழைய குடும்ப ஆய்வுகளின்படி ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் பெண்களில் பத்தில் ஒருவருமே பார்வை இழக்கிறார்கள். மரபு வழி பெண்ணுடையது, பாதிப்பு ஆணுக்கு அதிகம். இதையும் எக்ஸ் வழி நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். எக்ஸ் வழியானால் பார்வை இழந்த ஆணின் மகள்கள் எல்லோரும் கேரியர்கள். மைட்டோகாண்ட்ரியா வழியானால் அவன் பிள்ளைகள் ஒருவருக்கும் ஆபத்தில்லை. வழியைப் பிழையாகக் கணித்தால் ஒரு குடும்பம் காரணமின்றி அஞ்சி வாழும்.

உடலுக்குள் இந்த வழிகள் மாறவில்லை; ஊரில் மருமக்கள் வழி சட்டத்தால் கலைந்தது. 1912-இலும் 1925-இலும் திருவிதாங்கூரின் நாயர் சட்டங்கள் வந்தன. நாஞ்சில் நாட்டில் தேரூரைச் சேர்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அந்த முறை மனைவி மக்களுக்கு இழைத்த கொடுமையை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி சொல்வதாக 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற கவிதை நூலாக எழுதினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து, பாகப்பிரிவினைக்கும் மனைவி மக்களின் உரிமைக்கும் இடம் கொடுத்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது மருமக்கள் தாயத்தாருக்கெனத் தனிப்பிரிவு வைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தறவாடுகள் பிரிந்து தனி வீடுகளாயின. மனைவி மக்களுக்குக் கிடைத்த நியாயத்தில் ஐயமில்லை. கூடவே, தாய்வழி உறவை மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி அறிந்திருந்த பழக்கமும் தேய்ந்தது.

அந்தத் தாய்வழி நினைவு இன்றும் தேவைப்படுகிறது. ஹீமோபிலியா ஏ என்ற வகை ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகளில் குடும்பத்தில் முன்பு நோய் இருந்ததில்லை, பிறழ்வு புதிதாகத் தோன்றியது. மீதியை முன்கூட்டியே கணிக்க முடியும். உறையவைக்கும் புரத ஊசி இப்போது அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. 2024 டிசம்பரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய குருதி மூல உயிரணுக்களிலேயே நல்ல மரபணுவைச் செலுத்திச் சிகிச்சை செய்ததையும், அதன்பின் அவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படாததையும் வெளியிட்டது. சிகிச்சை இந்த அளவு வந்த பிறகும், யாருக்குச் சோதனை தேவை என்பதைக் குடும்ப மரம்தான் முதலில் காட்டுகிறது. ஆகவே மரபியல் ஆலோசனைக்குப் போகும் குடும்பம் அப்பன் வழியோடு நின்றுவிடாமல் தாயின் சகோதரர்கள், பெரியம்மை சித்தியின் மகன்கள், பாட்டியின் சகோதரர்கள், சிறுவயதில் இறந்த ஆண்பிள்ளைகள் என அனைவரையும், என்ன நோயால் எந்த வயதில் என்பதோடு, எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் அம்மையின் அம்மைதான். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.